குற்றம் செய்தவர் யார்? ‘கே தே ஓர்ஃபெவ்ர்’ (1947): ஒரு துப்பறியும் படமும் அதன் காலமும்



“சினிமாவை வச்சு வரலாறு எழுதலாமா, டீச்சர்?” என்று படிவம் 5 மாணவி ஒருத்தி என்னிடம் கேட்டாள். எழுதலாம் என்றேன். ஆனால் எப்படி எழுதுவது என்பதைக் காட்ட அன்றைக்கு என் கையில் நல்ல எடுத்துக்காட்டு இல்லை. அந்தக் கடனைத் தீர்க்கத்தான் இந்தக் கட்டுரை. இதற்காக நான் எடுத்துக்கொண்டது ஒரு பிரெஞ்சுத் துப்பறியும் படம்: ‘கே தே ஓர்ஃபெவ்ர்’. 1947 அக்டோபர் 3 அன்று பிரான்சில் திரைக்கு வந்த கறுப்பு வெள்ளைப் படம். இயக்குநர் ஆன்ரி-ஜார்ஜ் க்ளூஸோ.

“கொலை, போலீஸ், விசாரணை. இதில் என்னங்க வரலாறு இருக்கு?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. படத்தின் கதையில் வரலாறு நேரடியாக வராது. ஆனால் படத்தை எடுத்தவர் யார், அதற்கு முந்தைய நான்கைந்து ஆண்டுகளில் அவருக்கும் அவருடைய நாட்டுக்கும் என்ன நடந்தது என்று தெரிந்துகொண்டு பார்த்தால், அதே படம் வேறு மாதிரி தெரியும். அந்த வேறுபாட்டைத்தான் காட்டப் போகிறேன். ஒரு எச்சரிக்கை: முடிவையும் சொல்லிவிடுவேன். படத்தை முதலில் பார்க்க விரும்புபவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

1. முதலில் பெயர்

‘கே தே ஓர்ஃபெவ்ர்’ என்பது பாரிஸில் சேன் ஆற்றங்கரையை ஒட்டிய ஒரு தெருவின் பெயர். ‘பொற்கொல்லர் கரை’ என்று தமிழில் சொல்லலாம். அந்தத் தெருவின் 36ஆம் எண் கட்டடத்தில்தான் பாரிஸ் குற்றப் புலனாய்வுக் காவல்துறையின் தலைமையகம் நெடுங்காலம் இருந்தது. 2017-இல்தான் புதிய கட்டடத்துக்கு மாறியது. பிரெஞ்சுக்காரர்களிடம் ‘36’ என்று எண்ணை மட்டும் சொன்னாலே போதும், காவல்துறை என்று புரிந்துகொள்வார்கள். ஜார்ஜ் சிமெனோன் படைத்த புகழ்பெற்ற துப்பறிவாளர் மெக்ரேயின் அலுவலகமும் கதைப்படி அங்கேதான்.

2. கதைச் சுருக்கம்

காலம் 1946 டிசம்பர். போர் முடிந்து ஒன்றரை ஆண்டு. பாரிஸில் ஒரு பாடகி. மேடைப் பெயர் ஜென்னி லமூர் (நடிகை சூஸி தெலேர்). ஏழைக் குடும்பத்துப் பெண். எப்படியாவது பெரிய ஆளாகிவிட வேண்டும் என்ற வெறி அவளுக்கு. கணவன் மொரிஸ் (பெர்னார் பிளியே) பியானோ வாசிப்பவன். மனைவி மேல் உயிரையே வைத்திருக்கிறான்; அதே அளவுக்குச் சந்தேகமும் வைத்திருக்கிறான். இவர்களுக்கு நெருங்கிய தோழி டோரா (சிமோன் ரெனான்), புகைப்படக் கலைஞர். டோராவுக்கு ஜென்னி மேல் அன்பு அதிகம். அந்த அன்பை அவள் வாய்விட்டுச் சொல்வதே இல்லை.

பிரினியோன் என்று ஒரு பணக்காரக் கிழவர். சினிமா வாய்ப்பு வாங்கித் தருவதாக ஜென்னிக்கு ஆசை காட்டுகிறார். அவளை விருந்துக்கு அழைத்துப் போன உணவகத்துக்கே மொரிஸ் புகுந்து, எல்லாருக்கும் கேட்கும்படி அவரை மிரட்டிவிட்டு வருகிறான். சில நாளில், பாட்டியைப் பார்க்கப் போவதாகப் பொய் சொல்லிவிட்டு ஜென்னி கிழவரின் வீட்டுக்குப் போகிறாள். அங்கே அவர் எல்லை மீற, ஷாம்பேன் பாட்டிலால் தலையில் அடித்துவிட்டு ஓடிவருகிறாள். “செத்துவிட்டான், நான்தான் கொன்றேன்” என்று டோராவிடம் அழுகிறாள். டோரா ஒரு டாக்சி பிடித்து அந்த வீட்டுக்குப் போய், தோழி விட்டுவந்த பொருளை எடுத்துக்கொண்டு தடயங்களையும் துடைத்துவிட்டு வருகிறாள்.

அதே இரவு மொரிஸும் துப்பாக்கியோடு அங்கே போகிறான். போவதற்கு முன் ஓர் அரங்கில் நாலு பேர் கண்ணில் படும்படி நின்றுவிட்டு, பின்வாசல் வழியாக நழுவுகிறான். கொலை செய்யத்தான் போனான். ஆனால் போய்ப் பார்த்தால் கிழவர் ஏற்கெனவே பிணமாகக் கிடக்கிறார். வெளியே வந்தால் இவனுடைய காரையும் எவனோ திருடிக்கொண்டு போய்விட்டான்!

இந்த மூன்று பேருக்கும் நடுவே வந்து சேர்கிறார் துணை ஆய்வாளர் அந்துவான் (லூயி ஜூவே). காலனி நாடுகளில் இருந்துவிட்டுத் திரும்பியவர். தேய்ந்த மேல்கோட்டு, களைத்த முகம், குறைந்த சம்பளம். வீட்டில் கலப்பினத்தில் பிறந்த ஒரு மகன். தந்தையாகத் தனியே வளர்க்கிறார். அந்துவான் ஒவ்வொரு பொய்யாக உரித்துக்கொண்டே போகிறார். கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு மொரிஸ் காவல் அறையில் தன் மணிக்கட்டை அறுத்துக்கொள்கிறான். அதன்பின் ஜென்னி உண்மையைச் சொல்லிவிடுகிறாள். ஆனால் அந்த உண்மையும் முழு உண்மை இல்லை. கிழவர் இறந்தது பாட்டில் அடியால் அல்ல, துப்பாக்கிக் குண்டால். சுட்டவன் அன்று காரைத் திருடிப்போன போலோ என்ற சில்லறைத் திருடன். ஆக, கொன்றதாக நம்பியவள் கொல்லவில்லை. கொல்லப் போனவனும் கொல்லவில்லை.

3. நாவலிலிருந்து படத்துக்கு

இந்தப் படத்துக்கு மூலம் பெல்ஜிய எழுத்தாளர் ஸ்டானிஸ்லாஸ்-ஆந்த்ரே ஸ்டீமன் 1942-இல் வெளியிட்ட குற்ற நாவல். அதன் தலைப்பைச் சட்டச் சொல்லில் ‘தற்காப்பு’ என்று பெயர்க்கலாம். ஸ்டீமன் 1908-இல் லியேஜ் நகரில் பிறந்தவர். மேலே சொன்ன சிமெனோனும் அதே ஊர்க்காரர், ஐந்து வயது மூத்தவர்.

க்ளூஸோவுக்கு ஸ்டீமன் புதியவர் அல்ல. 1941-இல் ஸ்டீமன் நாவல் ஒன்றுக்குத் திரைக்கதை எழுதினார். 1942-இல் ‘கொலைகாரன் 21ஆம் எண் வீட்டில்’ என்ற பொருள் தரும் இன்னொரு ஸ்டீமன் கதையைப் படமாக்கித்தான் இயக்குநராகவே அறிமுகமானார். ‘கே தே ஓர்ஃபெவ்ர்’ மூன்றாவது.

தழுவல் நடந்த விதம் சுவையானது. நாவல் அப்போது கடைகளில் கிடைக்கவில்லை. க்ளூஸோ ஆசிரியருக்கே எழுதி ஒரு படி கேட்டார். அது வந்து சேருவதற்குள், முன்பு படித்த ஞாபகத்தை வைத்துக்கொண்டு ழான் ஃபெரியோடு சேர்ந்து திரைக்கதை எழுதத் தொடங்கிவிட்டார். விளைவு? குற்றவாளி யார் என்பது உட்படப் பல இடங்களில் படம் நாவலைவிட்டு விலகிப் போய்விட்டது. ஸ்டீமனுக்கு இது பிடிக்கவில்லை.

ஆசிரியர்கள் இதை வகுப்பில் பயன்படுத்தலாம். தழுவல் என்றால் நாவலைப் பக்கம் பக்கமாகப் படம் பிடிப்பது என்றே பல மாணவர்கள் நினைக்கிறார்கள். ஒருவர் மறந்ததும் மாற்றியதும்கூட அவர் மனத்தில் எது முக்கியமாக இருந்தது என்பதைச் சொல்லும். வழக்கமான துப்பறியும் கதை ‘கொன்றது யார்?’ என்ற கேள்வியைக் கடைசிப் பக்கம்வரை இழுக்கும். இந்தப் படத்தில் அந்தக் கேள்விக்கு விடை வரும்போது நமக்குப் பெரிய வியப்பே ஏற்படாது. போலோ நமக்கு யாரோ ஒருவன். ஜென்னியும் மொரிஸும் டோராவும் என்ன ஆவார்கள் என்பதுதான் நம் கவலை. தன்னைக் குற்றவாளி என்று நம்பிக்கொண்டு ஒருவர் எப்படி நாளைக் கழிக்கிறார், தான் நேசிப்பவரைக் காப்பாற்ற எவ்வளவு தூரம் பொய் சொல்கிறார் என்பதையே படம் பார்க்கிறது.

இந்தக் கவனம் க்ளூஸோவுக்கு எங்கிருந்து வந்தது? இப்போதுதான் வரலாற்றுக்கு வருகிறோம்.

4. ஆக்கிரமிப்பும் கான்டினென்டல் நிறுவனமும்

1940 ஜூன் 14 அன்று ஜெர்மன் படை பாரிஸுக்குள் நுழைந்தது. ஜூன் 22-இல் போர்நிறுத்த உடன்பாடு கையெழுத்தானது. நாட்டின் வடபகுதி நேரடி ஆக்கிரமிப்பில். தெற்கே விஷி நகரில் மார்ஷல் பெத்தேன் தலைமையில் ஜெர்மனிக்கு ஒத்துப்போகும் அரசு. 1944 ஆகஸ்ட் 25-இல் விடுதலை அடையும்வரை பாரிஸ் ஆக்கிரமிப்பில்தான் இருந்தது.

நான்கு ஆண்டுகள் மக்கள் என்ன செய்வார்கள்? வேலைக்குப் போகத்தான் வேண்டும். சாப்பிடத்தான் வேண்டும். சினிமாவும் பார்த்தார்கள். ஆக்கிரமிப்புப் பகுதியில் அமெரிக்கப் படங்களுக்குத் தடை. அந்த இடைவெளியை நிரப்பி லாபமும் பார்க்க, கோயபல்ஸின் பிரசார அமைச்சு 1940-இல் பாரிஸிலேயே ஒரு பட நிறுவனத்தைத் தொடங்கியது. அதுதான் கான்டினென்டல். தலைவர் ஆல்ஃபிரட் கிரேவன் ஜெர்மானியர். பணம் ஜெர்மன் பணம். ஆனால் இயக்குநர்கள், நடிகர்கள், மொழி எல்லாம் பிரெஞ்சு. மொத்தம் 30 படங்கள் எடுத்தார்கள். அவற்றில் துப்பறியும் கதைகளுக்கு நல்ல இடம் இருந்தது. க்ளூஸோவின் முதல் ஸ்டீமன் படங்கள் இரண்டும் கான்டினென்டல் படங்கள்தான்.

“அப்படின்னா அவர் துரோகிதானே?” என்று உடனே முடிவு கட்டத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். அதே நிறுவனத்தோடு தொடர்புடைய வேறு இருவரைப் பாருங்கள்.

ஆரி போர் பெரிய நடிகர். கான்டினென்டலின் முதல் படத்திலேயே, 1941-இல், முக்கிய வேடத்தில் நடித்தார். அடுத்த ஆண்டு ஜெர்மானியர்கள் அவரைக் கைது செய்து சித்திரவதை செய்தார்கள். 1943 ஏப்ரலில் இறந்துபோனார். ஜெர்மன் நிறுவனத்தில் வேலை செய்ததே அவருக்குப் பாதுகாப்பாக இருக்கவில்லை.

ழான்-போல் லெ ஷனுவா கம்யூனிஸ்ட், யூத மரபினர், எதிர்ப்பியக்கத்தில் இருந்தவர். அவரும் கான்டினென்டலுக்குத் திரைக்கதை எழுதினார்! ஜெர்மன் நிறுவனத்துக்குள்ளேயே அப்படி ஒருவர் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுபக்கமும் உண்டு. நம் படத்தில் ஆய்வாளராக வரும் லூயி ஜூவே 1941-இல் தம் நாடகக் குழுவோடு பிரான்சைவிட்டுப் புறப்பட்டு, லத்தீன் அமெரிக்க நாடுகளில் நாடகம் நடத்திக்கொண்டிருந்தார், 1945-இல்தான் திரும்பினார். ஜென்னியாக வரும் சூஸி தெலேரோ 1942 மார்ச்சில் பெர்லினுக்கு அழைத்துச் செல்லப்பட்ட பிரெஞ்சு நடிகர் குழுவில் இருந்தவர். விசாரிக்கும் ஜூவேயையும் விசாரிக்கப்படும் தெலேரையும் ஒரே அறையில் பார்க்கும்போது, 1947-இல் பார்வையாளர்கள் சிலருக்காவது இது ஞாபகம் வந்திருக்கும்.

5. ‘காகம்’ என்ற படமும் அதற்குக் கிடைத்த தண்டனையும்

க்ளூஸோவின் வாழ்க்கையைப் புரட்டிப்போட்ட படம் 1943-இல் வந்தது: ‘லெ கோர்போ’, அதாவது ‘காகம்’. இதுவும் கான்டினென்டல் படம். ஒரு சின்ன ஊர். ‘காகம்’ என்று கையெழுத்திட்ட மொட்டைக் கடிதங்கள் வரத் தொடங்குகின்றன. இவர் அவரோடு தொடர்பு, அவர் இவருக்கு எதிரி என்று வதந்தி. ஊரே ஒருவரையொருவர் சந்தேகிக்கிறது. முதல் உலகப் போர்க் காலத்தில் தொடங்கித் தூல் என்ற ஊரை ஆண்டுக்கணக்கில் ஆட்டிவைத்த உண்மையான மொட்டைக் கடிதச் சம்பவம்தான் கதைக்குத் தூண்டுதல்.

1943-ஆம் ஆண்டுப் பிரான்சில் இது சாதாரணக் கதையா? ஆக்கிரமிப்புக் காலத்தில் அண்டை வீட்டாரைக் காட்டிக்கொடுக்கும் மொட்டைக் கடிதங்கள் அதிகாரிகளுக்குக் குவிந்தன. யார் யூதர், யார் கள்ளச்சந்தைக்காரர், யார் லண்டன் வானொலி கேட்கிறார் என்று எழுதிப் போட்டார்கள். ‘காகம்’ அந்தப் புண்ணைத் தொட்டது. விளைவு விசித்திரம்: விஷி தரப்புக்கும் பிடிக்கவில்லை, கத்தோலிக்கத் திருச்சபைக்கும் பிடிக்கவில்லை, ஒளிந்திருந்து நடத்தப்பட்ட எதிர்ப்பியக்கப் பத்திரிகைகளுக்கும் பிடிக்கவில்லை. பிரெஞ்சு மக்களைக் கேவலமாகக் காட்டி எதிரிக்குத் துணைபோகும் படம் என்பது எதிர்ப்பியக்கத்தாரின் குற்றச்சாட்டு.

விடுதலைக்குப் பின் களையெடுப்பு நடந்தது. ஆக்கிரமிப்பாளர்களோடு ஒத்துழைத்தவர்களை விசாரித்துத் தண்டிப்பதற்கு வைத்த பெயர் அது. யூத வெறுப்பைப் பரப்பிய பத்திரிகையின் ஆசிரியராக இருந்த ரொபேர் பிராசியாக் 1945 பிப்ரவரி 6 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். சினிமா உலகுக்கும் தனி விசாரணைக் குழு இருந்தது. ‘காகம்’ படத்தில் நடித்த பியேர் ஃப்ரெனேயும் ஜினெத் லெக்லேரும் சிறைக்குப் போனார்கள். படம் தடை செய்யப்பட்டது. க்ளூஸோ இனி வாழ்நாள் முழுதும் பிரான்சில் படமே இயக்கக் கூடாது என்பது அவருக்கு முதலில் கிடைத்த தீர்ப்பு.

ழான் கொக்தோ, ரெனே கிளேர், மார்செல் கார்னே, தத்துவ அறிஞர் ழான்-போல் சார்த்தர் போன்றவர்கள் அவருக்காகக் குரல் கொடுத்தார்கள். தண்டனை குறைந்தது, 1947-இல் மறுபடி கேமராவுக்குப் பின்னால் நின்றார். அப்போது அவர் எடுத்த முதல் படம்தான் ‘கே தே ஓர்ஃபெவ்ர்’.

ஆக, விசாரணை என்றால் என்ன என்பதை மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து தெரிந்துகொண்ட ஒருவர் எடுத்த படம் இது. ‘நீ செய்தது குற்றமா? செய்ய நினைத்தது குற்றமா? யாரோடு சேர்ந்திருந்தாய் என்பது குற்றமா?’ என்ற கேள்விகள் அவருக்குப் புத்தகத்தில் படித்தவை அல்ல.

6. படத்தை மறுபடி பார்ப்போம்

இப்போது மூன்று இடங்களை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

டாக்சி ஓட்டுநர். டோராவை அன்றிரவு ஏற்றிச் சென்ற ஓட்டுநரைக் காவல்துறை கண்டுபிடிக்கிறது. அவர் நல்ல மனிதர். யாரையும் காட்டிக்கொடுக்க விரும்பவில்லை. “தெரியாது” என்கிறார். பிழைப்புக்கு ஆதாரமான ஓட்டுநர் உரிமமே பறிபோகும் என்று அழுத்தம் கொடுக்கிறார்கள். கடைசியில், தலைகுனிந்து டோராவை அடையாளம் காட்டுகிறார். அந்த வருத்தம் அவர் முகத்தில் தெரிகிறது. காட்டிக்கொடுப்பதைப் பற்றி ‘காகம்’ சொன்னது ஒரு பக்கம் என்றால் இது மறுபக்கம்: கெட்ட எண்ணம் இல்லாதவரையும் வயிற்றில் அடித்தால் பேசவைத்துவிடலாம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஓட்டுநராக நடித்த பியேர் லார்கேதான் ‘காகம்’ படத்தில் மொட்டைக் கடிதங்களின் சூத்திரதாரியாக நடித்தவர். இயக்குநர் இதை வேண்டுமென்றே செய்தாரா என்பதற்கு நான் சாட்சி சொல்ல முடியாது. இரண்டு படத்தையும் பார்த்தவர்களுக்கு அந்த முகம் மறக்காது, அவ்வளவுதான்.

மேசையும் தட்டச்சு இயந்திரமும். படம் எடுப்பதற்கு முன் க்ளூஸோ காவல் தலைமையகத்தில் வேலை நடக்கும் விதத்தை நேரில் போய்க் கவனித்தார். அதனால் படத்தில் வரும் காவல் நிலையம் வீர தீரச் செயல் நடக்கும் இடமாக இல்லை. நெரிசலான அறைகள், அலுத்துப்போன அதிகாரிகள், நடைக்கூடத்தில் செய்திக்காகக் காத்துக் கிடக்கும் நிருபர்கள், பெயர், முகவரி, தொழில் என்று தட்டப்படும் வாக்குமூலங்கள். வாழ்க்கையின் மிக மோசமான நாள் இவர்களுக்கு. அந்த அலுவலகத்துக்கோ இன்னொரு கோப்பு. காலமும் அப்படித்தான். போர் முடிந்தும் பங்கீடு முடியவில்லை. படம் வெளிவந்த 1947-இல் ஒருவருக்கு நாளொன்றுக்குக் கிடைத்த ரொட்டி 200 கிராமாகக் குறைந்தது. இதைத் தெரிந்துகொண்டால், உணவகத்தின் தனியறையில் பணக்காரர் வைக்கும் விருந்து ஜென்னியை ஏன் அவ்வளவு இழுக்கிறது என்பது புரியும்.

அந்துவான். இவர் புனிதர் இல்லை. மேலே சொன்ன அழுத்தம் எல்லாம் இவர் கண் முன்னே, இவர் கையாலேயே நடக்கிறது. ஆனால் ஒரு நல்ல குணம் அவரிடம் உண்டு: கிடைத்த வாக்குமூலத்தோடு அவர் நின்றுவிடுவதில்லை. மொரிஸ் மிரட்டியதற்குச் சாட்சி இருக்கிறது. அவன் போட்ட நாடகம் உடைந்துவிட்டது. ஜென்னி தானே ஒப்புக்கொள்கிறாள். கோப்பை மூடிவிட்டுக் கிறிஸ்துமஸ் கொண்டாடப் போகலாம். அவர் மூடவில்லை. பாட்டில் அடியும் துப்பாக்கிக் குண்டும் ஒன்றல்லவே என்ற இடத்தில் நிற்கிறார். அதனால்தான் மூன்று உயிர்கள் தப்புகின்றன. டோராவின் சொல்லாத அன்பையும் அவர் புரிந்துகொள்கிறார். கேலி செய்யவில்லை, தன்னையும் அவளோடு சேர்த்து ‘நம்மைப் போன்றவர்களுக்கு இந்த விஷயத்தில் அதிர்ஷ்டம் இல்லை’ என்ற பொருளில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகிறார். 1947-இல் இப்படி ஒரு பாத்திரத்தை இவ்வளவு மரியாதையோடு நடத்திய படங்கள் அரிது.

ஆசிரியர்கள் ரசிப்பதற்கு ஒரு சின்னச் செய்தி: ஊரையே விசாரிக்கும் இந்த ஆய்வாளரின் பெரிய கவலை, மகன் வடிவகணிதத்தில் தேறவில்லையே என்பது!

7. என் வகுப்பறையில் நடந்தது

இந்தப் படம் எனக்கு ஏன் முக்கியம் என்பதைச் சொல்லாமல் முடித்தால் அது நேர்மை ஆகாது.

சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பின் சேமிப்புப் பணம் 60 ரிங்கிட் காணாமல் போனது. யாரும் வாய் திறக்கவில்லை. நான் குரலை உயர்த்தினேன். “உண்மையைச் சொல்லும்வரை யாரும் ஓய்வுக்குப் போக முடியாது” என்றேன். பத்து நிமிடத்தில் ஒரு மாணவன் எழுந்து, “நான்தான் டீச்சர் எடுத்தேன்” என்றான். எனக்கு நிம்மதி. கேள்வியே கேட்கவில்லை. எப்போது எடுத்தாய், எங்கே வைத்தாய், என்ன செய்தாய் என்று எதுவுமே கேட்கவில்லை! மன்னிப்புக் கடிதம் எழுத வைத்தேன். வீட்டிலிருந்து பணத்தைக் கொண்டுவந்து கட்டினான்.

மூன்று வாரம் கழித்து அந்தப் பணம் கிடைத்தது. என் மேசை இழுப்பறையில், விளையாட்டுப் போட்டிப் படிவங்களுக்கு நடுவில், நானே வைத்த உறைக்குள் இருந்தது. அவனைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். தன் நண்பன்தான் எடுத்திருப்பான் என்று அவன் நினைத்திருக்கிறான். அந்த நண்பன் வீட்டில் அப்போது கஷ்டம். “அவன் மாட்டிக்கக் கூடாதுன்னுதான் டீச்சர்” என்றான். வகுப்புக்கு முன்னால் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன், பணத்தையும் திருப்பிக் கொடுத்தேன். ஆனால் அந்த மூன்று வாரத்தை எப்படித் திருப்பிக் கொடுப்பது?

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நாம் எல்லாரும் பாடம் நடத்துகிறோம். அன்றைக்கு நான் காதால் கேட்டதோடு நிறுத்திக்கொண்டேன்.

8. தேர்வில் எழுதும்போது

மாணவர்களே, வரலாற்றுக் கட்டுரையில் ஒரு படத்தைச் சான்றாகக் காட்டும்போது இவற்றைக் கவனியுங்கள்.

முதலாவது, படம் காட்டும் காலத்தையும் படம் எடுக்கப்பட்ட காலத்தையும் தனித்தனியே குறிப்பிடுங்கள். இந்தப் படத்தில் இரண்டுக்கும் இடைவெளி சில மாதங்களே. அதனால் அன்றைய பாரிஸின் அன்றாட வாழ்க்கைக்கு இது நல்ல சான்று. ஒரு நூற்றாண்டுக்கு முந்தைய கதை என்றால் அப்படிச் சொல்ல முடியாது.

இரண்டாவது, படம் எதைச் சொல்லவில்லை என்பதையும் எழுதுங்கள். ஆக்கிரமிப்பைப் பற்றி இந்தப் படம் நேரடியாகப் பேசுவதில்லை. ‘க்ளூஸோ தன் கதையைத்தான் மறைமுகமாகச் சொன்னார்’ என்று அடித்து எழுதினால் அது ஊகம். ‘களையெடுப்பு விசாரணையைச் சந்தித்தவர் எடுத்த படம் என்பதால், குற்றத்தையும் நோக்கத்தையும் பிரித்துப் பார்க்கும் இதன் பார்வை கவனத்துக்குரியது’ என்று எழுதினால் அது வாதம். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டில்தான் உங்கள் கட்டுரையின் தரம் தெரியும்.

மூன்றாவது, இரு தரப்பையும் சொல்லுங்கள். க்ளூஸோவைத் தண்டித்தவர்கள் எல்லாம் பொறாமைக்காரர்கள் அல்லர். அவர்களில் பலர் நண்பர்களை இழந்தவர்கள். எதிரியின் பணத்தில் ஒருவர் படம் எடுத்துப் புகழ் பெற்றபோது, வேறொருவர் உயிரைப் பணயம் வைத்துக்கொண்டிருந்தார். அந்தக் கோபத்துக்கும் காரணம் இருக்கிறது. பிராசியாக் செய்ததையும் க்ளூஸோ செய்ததையும் ஒரே தராசுத் தட்டில் வைக்கக் கூடாது. அதற்காக, க்ளூஸோ ஒன்றுமே செய்யவில்லை என்றும் எழுதிவிடக் கூடாது. யார், எப்போது, என்ன செய்தார், அவருக்கு முன்னால் வேறு வழி இருந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். அந்துவான் அதைத்தானே செய்தார்?

பிறகு என்ன ஆயிற்று என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1947 வெனிஸ் திரைப்பட விழாவில் இந்தப் படத்துக்காகக் க்ளூஸோ சிறந்த இயக்குநர் விருது பெற்றார். பிரான்சில் 50 லட்சம் பேருக்கு மேல் படத்தைப் பார்த்தார்கள். 1953-இல் ‘பயத்தின் கூலி’ என்ற பொருள் தரும் படம் அவரை உலகப் புகழுக்குக் கொண்டுபோனது. 1977-இல் பாரிஸில் காலமானார். ‘காகம்’ படத்தின் தடையும் 1947-இல் நீங்கியது. இன்று அதுவும் பிரெஞ்சு சினிமாவின் முக்கியப் படங்களில் ஒன்றாகப் பாராட்டப்படுகிறது. ஒரு காலத்தின் தீர்ப்பை அடுத்த காலம் மறுபடி எடுத்துப் பார்க்கும். அந்த வேலைக்குத்தான் வரலாறு என்று பெயர்.

கலந்துரையாட நான்கு கேள்விகள்

1. கொல்ல நினைத்துப் போன மொரிஸ், கொன்றதாக நம்பிய ஜென்னி, தடயத்தை அழித்த டோரா: இந்த மூவரில் யாருடைய தவறு பெரிது? காரணம் கூறுக.

2. டாக்சி ஓட்டுநரின் நிலையில் நீங்கள் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? அவரைக் ‘காட்டிக்கொடுத்தவர்’ என்று சொல்வது சரியா?

3. மூலநாவலை மாற்றும் உரிமை இயக்குநருக்கு எந்த அளவுக்கு உண்டு? ஸ்டீமனின் தரப்பிலிருந்தும் க்ளூஸோவின் தரப்பிலிருந்தும் வாதிடுக.

4. ‘வாக்குமூலம் கிடைத்துவிட்டால் விசாரணை முடிந்துவிடும்.’ இக்கருத்தை ஏற்கிறீர்களா? உங்கள் பள்ளி வாழ்க்கையிலிருந்து ஒரு சான்றும் வரலாற்றிலிருந்து ஒரு சான்றும் தருக.

நான்காவது கேள்வியை வகுப்பில் கொடுக்கும் ஆசிரியர்கள், முதலில் தங்கள் இழுப்பறையை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. அனுபவத்தில் சொல்கிறேன்.